வாசகர் கேள்வி – பதில்: காட்டு வழியே போர்க்காலப் பதுங்கு குழிகளுக்கு

கேள்வி: ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வசிக்கும் அண்ணாவின் வீட்டுக்குக் குடும்பமாகப் போகிறோம். எல்லைக்கு அப்பால், பிரான்ஸில், முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகள் நிறைந்த காட்டு மலையொன்றைக் காட்டுவதாக அண்ணா சொல்கிறார். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவுக்கோ முழங்கால் வலி. எல்லோராலும் நடக்க முடியுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாக நடக்கலாம். உங்கள் அண்ணா குறிப்பிடுவது அல்சாஸ் பகுதியில், வோஜ் மலைத்தொடரின் கிழக்கு ஓரத்திலுள்ள ஹார்ட்மான்ஸ்வில்லர்கொப்ஃப் மலையாகத்தான் இருக்க வேண்டும். பாசலிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அதன் உச்சி 956 மீற்றர், அதாவது நீங்கள் வசிக்கும் ஹட்டனைவிடத் தாழ்வு. சில்பர்லொக் கணவாயில், 900 மீற்றருக்குச் சற்று மேலேயே கார் நின்றுவிடுவதால், கால்நடையாக ஏற வேண்டியது ஐம்பது மீற்றர் அளவுதான். சுவிஸ் விசா ஷெங்கன் விசாவாகவே வழங்கப்படுவதால் பிரான்ஸுக்குத் தனி விசா தேவையில்லை. கடவுச்சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவு சிறிய மலைக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கான விடை உச்சியில் நின்றால் கண்ணுக்கு முன்னே விரிந்து கிடக்கும்: கீழே ரைன் நதியின் சமவெளி முழுவதும் தெரிகிறது. அங்கே யார் இருந்தாலும் சமவெளியில் நடக்கும் படை நகர்வுகளைக் கவனித்துப் பீரங்கிகளுக்குக் குறி சொல்ல முடியும் என்பதால், 1915 முழுவதும் பிரெஞ்சுப் படையும் ஜேர்மன் படையும் இந்த உச்சியை மாறி மாறிப் பிடித்தன. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று பிரெஞ்சுப் படை பெருந்தாக்குதல் நடத்தி முன்னேறியது. மறுநாளே ஜேர்மனியர் எதிர்த்தாக்கி இழந்த இடத்தை மீட்டார்கள். நடுவில் மாண்டவர்களைத் தவிர மாறியது எதுவுமில்லை என்பது என் எண்ணம்.

கணவாயில் முதலில் எதிர்ப்படுவது 1932இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுத் தேசிய நினைவிடம். அதன் நிலவறையில் பெயர் தெரியாத 12,000 வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், யூதர் என மூன்று சமயத்தாருக்கும் அங்கே தனித்தனிப் பலிபீடங்கள் உண்டு. அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம், அதற்கப்பால் மரநிழலில் மெதுவாக ஏறும் பாதை, முடிவில் பெரிய சிலுவை நிற்கும் உச்சி. அம்மா இவ்வளவு தூரம் சாவகாசமாக நடந்துவிட்டு அதே வழியில் திரும்பினாலே போதும். விளக்கப் பலகைகளுடன் மலையைச் சுற்றிவரும் முழுப் பாதை நாலரைக் கிலோமீற்றர். கிழக்குச் சரிவில் அதற்குப் படிகளும் செங்குத்தான இறக்கங்களும் உண்டு. அந்தப் பகுதியை நீங்களும் அண்ணாவும் மூத்த பிள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னவர் பாட்டியோடு இருக்கட்டும்.

பதுங்கு குழிகள் பாதையோரத்திலேயே தொடங்கிவிடும். தேயிலை மலையில் வெட்டிய கான் போல ஒரே ஓட்டமாக ஓடாமல், சில அடிகளுக்கு ஒருமுறை அவை திரும்பித் திரும்பிச் செல்லும். எதிரி ஒரு முனையில் இறங்கிவிட்டாலும் குழி நெடுகச் சுட முடியாதிருக்கவும், உள்ளே விழும் குண்டின் சிதறல் ஒரு மூலையோடு நின்றுவிடவும் அப்படி வெட்டினார்கள். சில இடங்களில் பெரியவர் ஒருவர் நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். சில இடங்களில் மண் சரிந்து முழங்கால் ஆழமே மிஞ்சியிருக்கிறது. பாறைக்குள் குடைந்த மறைவிடங்கள் இருட்டானவை; திறந்துவிடப்பட்டவற்றை எட்டிப் பார்க்க ஒரு டோர்ச் வேண்டும்.

பாதையை விட்டு விலகக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். துருப்பிடித்த முட்கம்பியும் இரும்பு முளைகளும் சருகுக்குள் இன்றும் கிடக்கின்றன, வெடிக்காத குண்டுகளும் இருக்கக்கூடும். எந்த இரும்புத் துண்டையும் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள். மழை பெய்திருந்தால் கற்கள் வழுக்கும், ஆகையால் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து அணியுங்கள். நம் காட்டு அட்டைத் தொல்லை அங்கில்லை, ஆனால் உண்ணி உண்டு. நீளக் காற்சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் உடலை ஒருமுறை சோதித்து, ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலருகே பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கணவாயிலேயே 2017இல் பிரான்ஸ், ஜேர்மன் ஜனாதிபதிகள் இணைந்து திறந்துவைத்த அருங்காட்சியகம் இருக்கிறது. பலர் அதை முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் காலையில் நடையை முடித்துவிட்டு உள்ளே போகச் சொல்வேன். குழியைப் பார்த்த பிள்ளைக்கே அங்குள்ள படங்கள் புரியும்.

கேள்வி: நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் குழிகள் எப்படி அழியாமல் இருக்கின்றன?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலும் பாறையும் சீமெந்துமே காரணம். அங்கேயே நிலைகொள்ள நினைத்த ஜேர்மனியர், கிழக்குச் சரிவில் கொங்கிறீற் மறைவிடங்களைக் கட்டினார்கள். போர்க்களம் 1921இலேயே பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக்கப்பட்டது. குண்டுகளால் மொட்டையாகிப்போன மலையில் பின்னர் வளர்ந்த காடும் மண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் அதே மரங்களின் வேர்கள் கற்சுவர்களைப் பிளப்பதால், தன்னார்வலர்கள் அவ்வப்போது சுவர்களைச் சீரமைக்க வேண்டியிருக்கிறது.