எத்தனை கிலோவாட், எத்தனை கிலோ?

கேள்வி: ஐயா, எனக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வரப்போரம் தேக்கு, வேம்பு, வாதநாராயணன். பட்டுப்போன தென்னையைத் துண்டு போட, வேலி மரங்களைக் கழிக்க, வீட்டுக்கு விறகு அறுக்க மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று போனேன். கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று 1.4 கிலோவாட், எடை சுமார் 4 கிலோ. அடுத்தது 2.3 கிலோவாட், 4.6 கிலோ. மூன்றாவது 3.9 கிலோவாட், 6.2 கிலோ, 25 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு). "எடுக்கிறதைப் பெரிசா எடுத்துடுங்க, கஜா மாதிரி இன்னொரு புயல் வந்தா இதுதான் கைகொடுக்கும்" என்கிறார் கடைக்காரர். ஆன்லைனில் 58 சிசி மெஷின் என்று போட்டு இதில் பாதி விலைகூட இல்லை. எனக்கு வயது 54. எதை எடுப்பது?
- வாசகர், பேராவூரணி

பதில்: நடுவில் உள்ளதை எடுங்கள். 16 இன்ச் பாரோடு.

ஏன் என்று சொல்கிறேன். முதல் மெஷினிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் எடை 600 கிராம்தான் கூடுகிறது, சக்தி 900 வாட் கூடுகிறது. அங்கிருந்து மூன்றாவதுக்குப் போக இன்னும் 1,600 வாட் கிடைக்கும், ஆனால் அதற்கு 1,600 கிராம் கூடுதலாகத் தூக்க வேண்டும். அதாவது நாம் சுமக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் அதிகம் திருப்பித் தருவது அந்த முதல் படிதான்.

அட்டையில் போட்டிருக்கும் எடை பாரும் செயினும் மாட்டாமல், பெட்ரோலும் செயின் ஆயிலும் ஊற்றாமல் எடுத்த எடை என்பதையும் கவனியுங்கள். எல்லாம் சேர்ந்தால் நடு மெஷின் ஆறு கிலோவை ஒட்டி வரும், பெரியது 25 இன்ச் பாரோடு எட்டரைக்கு மேல் போகும். கடையில் பாரும் செயினும் மாட்டச் சொல்லி, இரண்டு டேங்கையும் நிரப்பச் சொல்லி, இடுப்பு உயரத்தில் கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள், அப்புறம் குனிந்து தரையோடு கிடக்கிற மரத்தை அறுப்பது போலவும் பிடித்துப் பாருங்கள், ஏனென்றால் தோப்பில் முக்கால்வாசி வேலை குனிந்துதான். முன்கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கினால் மெஷின் ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். பாரின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கினால் அந்த இன்ஜினுக்கு அந்த பார் நீளம்.

எடை விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியபோது பண்ருட்டி அருகே என் மச்சான் வீட்டுப் பலா மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. 70 சிசிக்கு மேலுள்ள பெரிய மெஷின் ஒன்றை இரவல் வாங்கி நானே அறுத்தேன். முதல் நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரம், கை அசந்து மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது, இலைக்குள் மறைந்திருந்த கிளையில் பாரின் நுனி மேல்பக்கமாகப் பட்டதும் மெஷின் முகத்தை நோக்கி எகிறியது. கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் முன்கார்டை இடது மணிக்கட்டு தள்ளி, செயினை நிறுத்தும் பிரேக் விழுந்ததால் இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையில் சத்து இருந்தவரை அந்த நுனி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, அசந்த பிறகு தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, 16 இன்ச் பார் தென்னைக்குப் போதுமா? தாராளமாக. தூர்ப் பகுதியை விட்டுவிட்டால் தென்னையின் குறுக்களவு பெரும்பாலும் ஓரடியை ஒட்டித்தான் இருக்கும். அதைவிடத் தடித்த வேம்பு வந்தாலும் இரண்டு பக்கமும் மாறி நின்று அறுக்கலாம், பாரின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தடித்த மரத்தைக்கூட அப்படித் துண்டு போட்டுவிடலாம். தென்னையில் மெஷினைப் படுத்துவது தடிமன் இல்லை. தென்னையும் பனையும் புறக்காழ் மரங்கள், வைரம் வெளிப்பக்கம், நடுவில் சோறு. அந்த வெளிவைரம் செயினின் கூரை வேகமாகத் தின்னும். நார் வேறு நீளநீளமாக வந்து செயினை ஓட்டுகிற பல்சக்கரத்தின் மூடிக்குள் சுற்றிக்கொள்ளும், அவ்வப்போது மெஷினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தூர்ப்பக்கம் ஒட்டியிருக்கும் மணலைக் கத்தியால் சுரண்டாமல் செயினை வைக்கவே வைக்காதீர்கள், ஒரு நொடி மணலில் பட்டால் கூர் போய்விடும்.

அதனால்தான் கடைக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கூர் உள்ள செயின் போட்ட 2.3 கிலோவாட் மெஷின், மழுங்கிய செயின் போட்ட 3.9 கிலோவாட் மெஷினைத் தாண்டி அறுக்கும். கீழே விழுவது தேங்காய்த் துருவல் மாதிரி சீவலாக இருந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரி தூளாக விழுந்தால் போய்விட்டது. உடனே நிறுத்தி உருட்டு அரத்தை எடுங்கள். அரத்தின் அளவு செயினுக்குச் செயின் மாறும். சின்ன மெஷினின் தாழ்பல் செயினுக்கு 4 மி.மீ., நடு மெஷினில் வழக்கமாக வரும் .325 செயினுக்கு (கண்ணி இடைவெளியின் அளவு, இன்ச்சில்) 4.8 மி.மீ. வாங்கும்போதே சரியான அரம் இரண்டு சேர்த்து வாங்கி, பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு, ஒரே திசையில் இழுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

58 சிசி பற்றி. சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவு, மரத்தை அறுப்பது கிலோவாட். சிசியைப் பெரிதாகப் போட்டுவிட்டு கிலோவாட்டைப் போடாத மெஷினை நான் வாங்க மாட்டேன். அதைவிட முக்கியம், செயின் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா, உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்பது. பட்டுக்கோட்டையில் கார்புரேட்டர் கழுவிக் கொடுக்க ஒருவர் இருக்கிறார் என்றால் அந்தக் கம்பெனி மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

புயல் வந்தால் என்ன செய்வது என்பீர்கள். 2018 நவம்பரில் கஜாவுக்குப் பிறகு உங்கள் பக்கம் கிடந்த தோப்புகளை நானும் பார்த்தேன், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விழுந்ததில் பெரும்பகுதி தென்னைதான், அதற்கு நடு மெஷின் போதும். புளி, ஆல் போன்ற பெரிய மரம் விழுந்தால் பெரிய மெஷினோடு தினமும் அதே வேலை செய்கிற ஆட்களைக் கூலிக்குக் கூப்பிடுங்கள். சாய்ந்து வளைந்து நிற்கிற மரம் எந்தப் பக்கம் அமுங்கி இறுகியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டு விறைத்திருக்கிறது என்று அவர்களுக்குக் கண்ணாலேயே தெரியும். வேரோடு சாய்ந்த மரத்தைத் தூரில் அறுத்தால் வேர்க்கட்டி சட்டென்று நிமிர்ந்து நிற்கும், அதன் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பெட்ரோலில் கலக்கும் ஆயில், மெஷின் புத்தகம் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், ஆகவே வேலை முடிந்து வாரக்கணக்கில் தூக்கி வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். வரப்பில் பனை இருந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: முருங்கை ஒரு ஏக்கர். வருடா வருடம் கவாத்து செய்ய வேண்டும். நானேதான் வெட்டுகிறேன், அரிவாளால் வெட்டினால் கிளை பிளந்துவிடுகிறது. 4 கிலோ பெட்ரோல் மெஷின் எனக்குப் பாரமாக இருக்குமா?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இருக்கும் அம்மா, தேவையும் இல்லை. முருங்கை மெத்தென்ற மரம், ஆறு இன்ச் பார் உள்ள சின்ன பேட்டரி மெஷின் போதும், இரண்டு பேட்டரி வாங்கி ஒன்றை சார்ஜில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் பிடிக்கும்படிதான் அது இருக்கும், அதனாலேயே மற்றக் கை கிளையைப் பிடிக்கப் போகும், வெட்டுப்படுவது அந்தக் கைதான். கிளையைப் பிடிக்காமல் விழவிடுங்கள். கனமான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுங்கள், பட்டை உரிந்து பிளக்காது. தோளுக்கு மேலே தூக்கி அறுக்க வேண்டாம். உயரத்துக்குக் கொம்பு வைத்த கைரம்பம் இருக்கிறது.