மீடியனை மூடுகிறார்கள், வாசலையும் மாற்றச் சொல்கிறார்கள்: தடையாணை கிடைக்குமா?

கேள்வி: நெடுஞ்சாலையை ஒட்டிய என் சொந்த இடத்தில் 12 வருடமாக வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். சாலையை விரிவாக்குவதால் எதிரே உள்ள மீடியன் (சாலையின் நடுத்தடுப்பு) இடைவெளியை மூடப்போகிறார்களாம். என் இரண்டு வாசல்களில் ஒன்றை அடைத்துவிட்டு, மற்றதைப் பக்கத்து டயர் கடையோடு பொதுவாக வைத்துக்கொள்ளவும் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் வரும் வண்டிகள்தான் எனக்குப் பாதி வருமானம். தடையாணை வாங்க முடியுமா?

பதில்: நோட்டீஸில் இருப்பவை இரண்டு தனித்தனி விஷயங்கள். இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பினால், ஜெயிக்கக்கூடியதையும் சேர்த்துத் தோற்றுவிடுவீர்கள். எந்த நாட்டுச் சாலை என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பெரும்பாலான நாடுகளில் பொருந்தும் அடிப்படையைச் சொல்கிறேன்.

முதலில் மீடியன். இதில் தடை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சாலையோர நிலத்துக்காரருக்குச் சட்டம் கொடுப்பது சாலையை அடைய நியாயமான ஒரு வழி மட்டும்தான், இரண்டு திசை வண்டிகளும் நேராக உங்கள் வாசலுக்கே திரும்ப வேண்டும் என்ற உரிமை அதில் கிடையாது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய் வளைந்து வர வேண்டியிருப்பது கஷ்டம்தான், ஆனால் அதை நீதிமன்றங்கள் பொதுவாக உரிமைப் பறிப்பாகப் பார்ப்பதில்லை, வியாபாரம் குறைந்ததற்கு மட்டும் இழப்பீடு தருவதும் அபூர்வம். மீடியனை மூடுவதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நான்கு சாலைகள் சேரும் ஒரு சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32, முச்சந்தியில் 9. மீடியனை மூடி, எதிர்ப்போக்கைக் குறுக்கே கடக்காமல் உள்ளே வந்து வெளியே போகும்படி செய்துவிட்டால், உங்கள் வாசலில் மிஞ்சுவது இரண்டே இரண்டு. இந்தக் கணக்கோடு வரும் பொறியாளரை எதிர்த்து வாதாடுவது எனக்கும் சிரமம்.

வாசல் விஷயம் அப்படியில்லை, இங்கேதான் உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் முதல் கேள்வி: அந்த இரண்டு வாசல்களுக்கும் எழுத்து மூலமான அனுமதி வைத்திருக்கிறீர்களா? 12 வருடமாக யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலை என்றால், 2002-ஆம் ஆண்டு கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் வாகனத்தோடு சாலையில் நுழைய யாருக்கும் உரிமை இல்லை என்றே சொல்கிறது. அனுமதி இருந்தாலும் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். வீட்டுக்காக வாங்கிய அனுமதியை வைத்துப் பட்டறை நடத்தினால் அது நிற்காது. அமெரிக்காவின் கொலராடோ மாநில விதிகளில், வாசலைப் பயன்படுத்தும் வண்டிகள் 20 சதவீதம் கூடினாலே புது அனுமதி கேட்கலாம்.

அனுமதி சரியாக இருந்தால், அடைக்கப்படும் வாசலுக்குப் பதிலாக நியாயமான வேறு வழி கிடைக்கிறதா என்பதே வழக்கின் உயிர். பிரிட்டனின் 1980 நெடுஞ்சாலைச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது: தனியார் வாசலை மூட வேண்டுமானால், அந்த இடத்துக்கு அந்தச் சாலையிலிருந்து வழி தேவையே இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது ஓரளவு வசதியான மாற்று வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் செய்து தர வேண்டும். ஆக, உங்கள் ஆட்சேபனை "மூடாதே" என்று இருக்கக் கூடாது, "இந்தப் பொது வாசல் என் வண்டிகளுக்குப் போதாது, இப்படி மாற்றிக் கொடுங்கள்" என்று இருக்க வேண்டும். பழுதான வண்டியை இழுத்துவரும் லாரி அந்த வளைவில் திரும்புமா? உள்ளே நுழைந்ததும் இரண்டு வண்டி நிற்க நீளம் இருக்கிறதா, இல்லை வால் நெடுஞ்சாலையிலேயே நிற்குமா? வெளியே வருபவருக்குப் பார்வை எட்டுகிறதா? 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 185 மீட்டர் வேண்டும், 80 என்றால் 130. உங்கள் வாசலிலிருந்து அளந்து, படம் எடுத்து, ஒரு வாரம் வண்டிகளை மணிவாரியாக எண்ணி இணையுங்கள். வேகம் குறைக்கும் தனித்தடமோ சர்வீஸ் ரோடோ கேளுங்கள், வேலை நடக்கும் மாதங்களில் தற்காலிக வழியும் கேளுங்கள், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், டயர் கடைக்காரரோடு பேசுங்கள். உண்மையில் உங்கள் பட்டறையின் எதிர்காலம் நீதிமன்றத்தை விட அந்தப் பேச்சில்தான் அதிகம் இருக்கிறது. வாய்ப்பேச்சோடு நிறுத்தக் கூடாது. என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரர் பக்கத்துக்காரரின் வார்த்தையை நம்பித் தன் வாசலை விட்டுக்கொடுத்தார், அந்த இடம் கைமாறியதும் புது உரிமையாளர் சங்கிலி போட்டுவிட்டார், மீட்க நான்கு வருடம் ஆனது. அதனால் இருவர் நிலத்தின் மீதும் பரஸ்பர வழிப்பாதை உரிமையாகப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள், நிலத்தை யார் வாங்கினாலும் கட்டுப்படுத்தும் என்ற வாசகம் அதில் இருக்கட்டும். எத்தனை அடி அகலம், யார் தளம் போடுவது, பராமரிப்பில் யாருக்கு எவ்வளவு, வழியில் வண்டி நிறுத்தினால் என்ன, உள்ளே விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது, பெயர்ப்பலகை எங்கே, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். எந்த நிலமாவது அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். மூடிய மீடியனை இரவில் உடைத்து வழி செய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில் ஒருவர் அடிபட்டால், அதைத் திறந்தவர் மீது குற்ற வழக்கே வரும், அதற்கு முன்னால் ஓர் உயிர் போயிருக்கும்.

நோட்டீஸில் ஆட்சேபனைக்குக் கடைசித் தேதி போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். தேதி தாண்டுவதற்குள் வரைபடத்தோடு மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிவிடுங்கள்.