ஏரோப்பிளேன் மோடு போட்டும் நெட் ஓடுகிறதே!

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. பாடமெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அதனால் நெட்டை மட்டும் நிறுத்த நினைத்து ஏரோப்பிளேன் மோடு போட்டேன். அப்படியும் யூடியூப் ஓடுகிறது, எப்படி? – வாசகி, திருநெல்வேலி

பதில்: மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் ஒயர் போகிறதா பாருங்கள். ஏரோப்பிளேன் மோடு வைஃபை, ப்ளூடூத் மாதிரி ஒயரில்லாத சமாச்சாரங்களைத்தான் அணைக்கும், ஒயரில் வரும் நெட்டைத் தொடவே தொடாது. சரி, ஒயரைக் கழற்றிவிட்டால் போதுமா என்றால், வைஃபை ஆனில் இருந்தால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும், ஆகவே இரண்டையும் நிறுத்த வேண்டும்.

விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்துங்கள். வருகிற பெட்டியில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, அப்புறம் சி, பி, எல் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால், ஈதர்நெட், வைஃபை என்று இருக்கிற கனெக்‌ஷன்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் அப்படியே இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் அதே இடத்தில் எனேபிள், அதற்கு நெட் தேவையில்லை.

ஆனால் பையனிடம் எந்த செட்டிங்கையும் மாற்ற முடிகிற அட்மின் கணக்கு இருந்தால் இதெல்லாம் வீண், இரண்டே கிளிக்கில் ஆன் செய்துவிடுவான். அவனுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற டெதரிங் போட்டால் புதிதாக இன்னொரு கனெக்‌ஷன் முளைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்த பையன் என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அவனிடமே பேசிப் பாருங்கள்.

கேள்வி: கடையில் பில்லிங் கம்ப்யூட்டரில் ஃபைல்களின் பெயரெல்லாம் தானாக மாறிக்கொண்டே போகிறது. பயந்துபோய் மோடத்தை ஆஃப் செய்துவிட்டேன். அது போதுமா? – வாசகர், ஈரோடு

பதில்: போதாது. இது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸாக இருக்கலாம். மோடத்தை அணைத்தால் வெளி நெட் நிற்கும், ஆனால் கம்ப்யூட்டர்களை ஒயரில் ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி தனியாக இருந்தால் கடைக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் அதன் வழியே தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற அந்த மாதிரி வைரஸ் பரவியது அப்படித்தான். விண்டோஸில் ஃபைல் பகிரும் வசதியில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தும் பலர் போடவில்லை.

இந்த நேரத்தில் மெனுவில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கிற லேன் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணையுங்கள், பேக்கப் ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லை என்றால் மட்டும் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்யுங்கள், ஏனென்றால் மெமரியில் இருக்கிற தடயங்கள் அதோடு போய்விடும். விவரம் தெரிந்தவர் வந்து பார்க்கிற வரை பேக்கப் டிஸ்க்கைத் திரும்ப மாட்டவே வேண்டாம்.

கேள்வி: போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்ததும் அப்டேட் டேட்டாவைத் தின்கிறது. நெட்டை அணைத்து அணைத்துப் போட வேண்டுமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் டேட்டா அளவோடுதான் இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்கிற மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் வேறு நெட் கிடைக்கும்வரை காத்திருக்கும்.