இலவசமாக வந்த நாய்க்கு மாதம் 8,100 ரூபாயா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். வீட்டுக்கடன் தவணை போக எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 46,000 ரூபாய் கையில் நிற்கும். மகளுக்கு 8 வயது. பெங்களூரில் இருந்த என் தம்பி வெளிநாடு போகும்போது தன் பூடில் கிராஸ் நாயை எங்களிடம் விட்டுப்போனான். “முடியே கொட்டாதுக்கா, செலவே வைக்காது” என்றான். பெயர் மல்லி, இப்போது 2 வயது. சாப்பாடு 3,800, சலூன் 2,200, காது வைத்தியம் சராசரியாக 1,200, ஆன்லைனில் வாங்குவது 900 என்று மாதம் 8,100 போகிறது. மகளின் செல்வமகள் கணக்கில் மாதம் 3,000 போட்டுவந்ததை நாலு மாதமாக நிறுத்திவிட்டேன். நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். உசிலம்பட்டித் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

– வாசகி, திருநகர்

பதில்: தோட்டத்து யோசனையை முதலில் தள்ளிவைப்போம். சிப்பிப்பாறை, கோம்பை மாதிரி நாட்டு நாய் என்றால் தோட்டம் அதற்கு சொர்க்கம். மல்லியின் பூடில் சுருட்டை முடிக்கு அது ஆகாது. நெருஞ்சி முள்ளும் உண்ணியும் ஒரே வாரத்தில் அடைந்துவிடும். மாமியாரின் கவலையும் நியாயமானதுதான், அவர் கணக்குப் பார்க்கிறார். நாமும் பார்ப்போம்.

உங்கள் பட்டியலில் என் கண்ணில் பட்டது சலூன் பில். மாதம் 2,200 என்றால் அதில் சிக்கு எடுக்கத் தனிக் கட்டணம் இருக்கும், பில்லைப் பாருங்கள். முடி கொட்டாது என்று தம்பி சொன்னது பொய்யில்லை. லேப்ரடாரையும் பூடிலையும் கலந்து 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் உருவாக்கியதே, நாய் முடி ஒத்துக்கொள்ளாத கணவரோடு வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காகத்தான். ஆனால் உதிர்கிற முடி தரையில் விழாவிட்டால் எங்கே போகும்? வளர்கிற முடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு திரியும். என் அக்கா வீட்டிலும் இப்படி ஒரு நாய் உண்டு. மேலே தடவினால் பஞ்சு. காதுக்குப் பின்னால் விரலை விட்டபோது கம்பளித் துண்டு மாதிரி ஒரு கட்டி, தோலோடு ஒட்டிக் கிடந்தது. கடைசியில் மெஷின் வைத்து மொட்டையடிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கும் தனிக் காசு.

ஆக உங்களுக்கு நான் சொல்லும் முதல் முதலீடு ஒரு இரும்புச் சீப்பு. இரவு டிவி பார்க்கும்போது பத்து நிமிடம் போதும். முடியைக் கையால் வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து வாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில் தவறாமல் பாருங்கள். குளிப்பாட்டிவிட்டு வாராதீர்கள், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். வாரிவிட்டுத்தான் குளியல். மகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம், மேற்பார்வை உங்களுடையது. முடியைக் குட்டையாக வெட்டச் சொல்லி ஆறு வாரத்துக்கு ஒருமுறை 1,500 கொடுத்தால், மாதம் 1,000-தான் ஆகிறது. கத்தரி வெயிலுக்கும் குட்டை முடிதான் வசதி. வழுவழுவென்று மழிக்கவேண்டாம், தோல் வெந்துபோகும்.

காது விஷயமும் இதோடு சேர்ந்ததே. தொங்கும் காது, உள்ளே முடி, குளித்த ஈரம் மூன்றும் சேர்ந்தால் புண் திரும்பத் திரும்ப வரும். இப்போதுள்ள புண்ணை டாக்டரிடம் காட்டி முழுதாக ஆற்றுங்கள், மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அப்புறம் குளித்த ஒவ்வொரு தடவையும் காதைத் துடைத்து உலர்த்துங்கள். தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ரேபீஸ் ஊசியை வருடாவருடம் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உண்ணி மாத்திரையில் மிச்சம் பிடிக்கப்போய் உண்ணிக் காய்ச்சலில் மாட்டினால், ரத்தப் பரிசோதனையும் டிரிப்ஸும் சேர்ந்து ஒரு வருட மாத்திரைக் காசை விழுங்கிவிடும். இதற்கெல்லாம் மாதம் 600 ஒதுக்குங்கள்.

சாப்பாட்டில் வெளிநாட்டுப் பாக்கெட்டை விட்டு உள்ளூர்த் தயாரிப்புக்கு மாறி, கூடவே மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் கொடுத்தால் 2,600-க்குள் அடங்கும். பழையதிலிருந்து புதியதுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு கெடும். நம் ஊரில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும்: மிஞ்சின சால்னா, கறிதோசை வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், எண்ணெய் கணையத்தைப் படுத்தும்.

ஆன்லைன் 900-ஐ 200 ஆக்குங்கள். இதில் பேச எதுவும் இல்லை.

இன்சூரன்ஸ் தப்பான யோசனை இல்லை. ஆனால் உங்கள் பணம் கரைகிற இடத்தை அது தொடாது. சலூனும் தடுப்பூசியும் பெரும்பாலான பாலிசிகளில் வராது. காதுப் புண்ணைப் பழைய நோய் என்று ஒதுக்குவார்கள். பெரிய ஆபரேஷன், யாரையாவது கடித்துவிட்டால் வரும் நஷ்டஈடு, இந்த இரண்டுக்காக எடுப்பதென்றால் எடுக்கலாம். விதிவிலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள். அப்படியே இன்னொன்று: மல்லியின் ஆஸ்பத்திரி பில்லையோ பிரீமியத்தையோ வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கழிவு தரும் 80டி பிரிவில் காட்டலாமா என்று கணவர் கேட்டால், முடியாது.

இனி கணக்கு. 2,600, 1,000, 600, 200 சேர்த்தால் 4,400. அதோடு மல்லி பெயரைச் சொல்லி அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். 2023 அக்டோபரில் வந்த 6.7 சதவீத வட்டிக்கு 5 வருடத்தில் 71,366 ரூபாய் கிடைக்கும். 12 தவணை கட்டியபின் அவசரமென்றால் இருப்பில் பாதிவரை கடன் எடுக்கலாம், நகையை அடகுக்கடைக்குத் தூக்கவேண்டாம். முடிந்ததும் டெபாசிட்டாக மாற்றுங்கள். ஏனென்றால் இந்தச் சாதி நாய்கள் 12, 15 வருடம் இருக்கும். உங்கள் மகள் 18 வயதில் கல்லூரிக்குப் போகும்போது மல்லிக்கு 12. கல்லூரிக் கட்டணமும் கிழநாயின் வைத்தியமும் ஒரே ஜூன் மாதத்தில் வாசலில் வந்து நிற்கும். அன்றைக்கு ஒன்றுக்காக இன்னொன்றில் கைவைக்கக் கூடாது. நீங்கள் இப்போது செய்திருப்பது அதைத்தான்.

ஆர்.டி.யோடு 5,400 ஆகிறது, 2,700 மிச்சம். மீதி 300-ஐக் கணவரின் டீக்கடைக் கணக்கில் பிடியுங்கள், செல்வமகள் தவணை பழையபடி 3,000 ஆகிவிடும். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமானது, அதை விடுவதற்கு மனசு வரக்கூடாது. இந்த நிதியாண்டில் குறைந்தது 250 ரூபாய் போட்டிருந்தால் அபராதம் இல்லை. விட்ட 12,000-ஐ போனஸ் வரும்போது சேர்த்துக் கட்டலாம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம்வரை இடம் இருக்கிறது. மாதத் தவணையை 5-ம் தேதிக்குள் போடுங்கள். 6-ம் தேதி போட்டால் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடையாது.