காந்த ஆளியின் சூடு எங்கிருந்து வருகிறது?

கொக்குவில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கிணற்று நீரில் கிருமி அழிக்கும் துடிப்பு மின்னிறக்கச் சோதனைக்காக, பழைய மின்மாற்றியின் வளைய அகணியில் சுருள் சுற்றிக் காந்த ஆளி ஒன்றைச் செய்தேன். செக்கனுக்கு 100 துடிப்புகள் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அகணியில் கைவைக்க முடியவில்லை. இரண்டாவது கொள்ளளவிக்குப் பாதிச் சக்திகூடப் போய்ச் சேருவதில்லை. சுற்றுகளைக் கூட்டினால் சரிவருமா?”

சரிவராது. காந்த ஆளி என்பது, அகணி (சுருள் சுற்றப்பட்ட காந்த உள்ளகம்) காந்தப்பாயத்தால் நிரம்பும்வரை ஓட்டத்தைத் தடுத்து, நிரம்பியதும் முதற் கொள்ளளவியின் சக்தியை ஒரே துடிப்பாக இரண்டாவதற்கு விடும் சுருள். சுற்றுகளைக் கூட்டினால் அகணி நிரம்புவது பிந்தும். நிரம்பிய பின் எஞ்சும் தூண்டல்திறன் சுற்றெண்ணின் வர்க்கத்தோடு உயர்ந்து துடிப்பையும் நீட்டிவிடும். கோளாறு தகட்டின் தடிப்பில் இருக்கிறது.

மின்மாற்றியின் சிலிக்கன் உருக்குத் தகடு 50 ஹேர்ட்சுக்கென ஆக்கப்பட்டது. தடிப்பு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். காந்தப்பாயம் ஒரு மைக்ரோசெக்கனுக்குள் புரளும்போது பின்னிடைவு இழப்பு (காந்தத் திசையைப் புரட்டவே செலவாகும் சக்தி) சிறிதாகிவிட, தகட்டுக்குள் சுழன்றெழும் மின்னோட்டமான சுழிப்போட்டமே பெரும்பங்கை விழுங்குகிறது. இந்த இழப்பு தடிப்பின் வர்க்கத்துக்கும் பாய அடர்த்தி மாறும் வேகத்துக்கும் நேர்விகிதமாகவும், தடைத்திறனுக்கு நேர்மாறாகவும் அமையும். ஆகவே 20 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள நனோபளிங்கு நாடாவோடு (மிக நுண்ணிய பளிங்குகளாலான உலோக நாடா) ஒப்பிட்டால் உங்கள் தகட்டில் தடிப்பால் மட்டும் 225 மடங்கும், தடைத்திறன் வேறுபாட்டையும் சேர்த்தால் 500 மடங்குக்கு மேலும் இழப்பு வரும். பெரைற்று என்னும் காந்த மட்பொருளில் சுழிப்போட்டம் மிகக் குறைவுதான், ஆனால் நாடா தரும் 2.4 தெஸ்லாவுக்குப் பதிலாக 0.6 தெஸ்லா வீச்சே கிடைப்பதால் அகணியின் கனவளவு 16 மடங்காக வேண்டும். உங்கள் வேலைக்கு நாடா அகணியையே நான் பரிந்துரைப்பேன்.

நாடாப் படைகளுக்கிடையே காவலி அவசியம். 25 மில்லிமீற்றர் அகல நாடாவில் மேற்சொன்ன 2.4 தெஸ்லா ஒரு மைக்ரோசெக்கனில் புரண்டால் அடுத்தடுத்த படைகளுக்கிடையே 1.2 வோல்ற்று எழும். 100 நனோசெக்கனில் அதுவே 12 வோல்ற்று. விளிம்புப் பிசிறு ஒன்று படைகளைத் தொடுத்துவிட்டால் அவை ஒரே தடித்த தகடாகிவிடும். அகணியை இரும்புப் பட்டியால் இறுக்குவதையும் தவிருங்கள்.

சக்தி போய்ச் சேராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னர் தனிச் சுருளில் நேரோட்டம் செலுத்தி அகணியை எதிர்த்திசைக்கு மீட்காவிட்டால், ஆளி முந்தியே நிரம்பி, முதற் கொள்ளளவி முழுதாக ஏறுமுன் சக்தியைக் கசியவிடும்.

இழப்பை அளப்பது எளிது. ஒரு கிலோகிராம் அகணி ஒரு நிமிடத்தில் 10 பாகை ஏறினால், தன்வெப்பக் கொள்ளளவை 450 எனக் கொள்ள 4500 யூல். 6000 துடிப்புகளுக்குப் பகிர்ந்தால் துடிப்புக்கு 0.75 யூல். வெப்பவிணையை (வெப்பநிலை உணரும் கம்பியிணை) ஓட்டத்துக்கு முன்னரே அகணியில் ஒட்டிவிடுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளைத் தடையொன்றின் வழியாக இறக்கி, முனைகளைக் குறுக்கிணைத்த பிறகே கிட்டப் போங்கள்.