பாடும் பறவைகளின் உறவுமுறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாடும் பறவைகளின் வகைப்பாடு குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். அலகு, இறகின் நிறம், பாட்டு என்று கண்ணும் காதும் அறியக்கூடிய அடையாளங்கள் இத்தனை இருக்கையில் டி.என்.ஏ.வின் சொல்லை ஏன் மேலானதாகக் கொள்ள வேண்டும்? அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சேர்த்தவற்றைப் பிரிக்கிறார்கள், பிரித்தவற்றைச் சேர்க்கிறார்கள். இதை எப்படி நம்புவது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உருவ ஒற்றுமை ஒரே மூதாதையிடமிருந்தும் வரலாம், ஒரே விதமான வாழ்க்கையாலும் வரலாம் என்பதுதான் சிக்கல். அடர்ந்த புதருக்குள் தரையோடு ஒட்டி இரைதேடும் சிறு பறவைக்குக் குட்டை வாலும் பழுப்பு உடலும் வசதியானவை என்றால், உறவே இல்லாத இரண்டு பறவைகள் தனித்தனியே அந்த உருவத்தை அடையக்கூடும். கிழக்கு இமயமலை முதல் தென்கிழக்குச் சீனா வரை வாழும் எலச்சூரா அப்படிப்பட்டது. வெண்புள்ளிகள் கொண்ட இந்தப் பழுப்புக் குருவியை நெடுங்காலம் ரென் சிலம்பன்கள் என்னும் சிறு பறவைகளோடு ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) வைத்திருந்தார்கள். 2014இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, அதற்கு நெருங்கிய உறவென்று சொல்லத்தக்க பறவை எதுவும் இன்று உயிரோடு இல்லை என்று காட்டியதால், அந்த ஓர் இனத்துக்காகவே தனிக் குடும்பம் வகுக்கப்பட்டது. அதன் மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் பாட்டு ரென் சிலம்பன்களின் பாட்டைப் போன்றதல்ல; இங்கே காது சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் பாடும் பறவைகள் தம் பாட்டை மூத்த பறவைகளிடம் கேட்டுக் கற்பவை என்பதால், பாட்டை மட்டும் வைத்தும் உறவைத் தீர்மானிக்க முடியாது.

எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் மரபுமரம் மாறுவது பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. தொடக்கத்தில் பல ஆய்வுகள், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஓரிரு மரபணுக்களையே நம்பின. பறவைகளில் 1,143 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட சைட்டோகுரோம் பி என்னும் மரபணு அவற்றில் பெரிதும் பயன்பட்டது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவதால், அது சொல்வது ஒரு வழியின் கதையை மட்டுமே. வட அமெரிக்காவின் பொன்சிறகு வார்ப்ளர், நீலச்சிறகு வார்ப்ளர் என்னும் இரு சிறு பறவைகளையும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைக்கொண்டு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 3 சதவீத வேறுபாடு தெரிந்தது; வெகுகாலம் முன்பே பிரிந்தவை என்றே அதற்குப் பொருள். 2016இல் முழு மரபணுத்தொகையையும் ஒப்பிட்டபோதோ, அவை தெளிவாக வேறுபட்டது ஆறே இடங்களில், அவற்றிலும் பெரும்பாலானவை இறகின் நிறத்தோடும் வளர்ச்சியோடும் தொடர்புடையவை. இவ்விரு இனங்களும் தமக்குள் கலந்து இனம்பெருக்குபவை என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பளிக்காது.

கலப்பே இல்லாதபோதும் மரபணுக்கள் முரண்படலாம். ஒரு மூதாதை இனத்திலிருந்து குறுகிய காலத்துக்குள் மூன்று இனங்கள் பிரிந்தால், மூதாதையிடம் இருந்த ஒரு மரபணுவின் பல வடிவங்கள் அவற்றுக்குள் தற்செயலாகப் பங்கிடப்படும். ஒரு மரபணு முதல் இரண்டை நெருக்கமாகக் காட்டும், இன்னொன்று பின் இரண்டை. இதனால்தான் இன்று ஆயிரக்கணக்கான இடங்களை ஒருசேரப் படிக்கிறார்கள்.

எல்லாமே மாறிவிடுவதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வாழும் லயர் பறவைகளும் புதர்ப்பறவைகளும் பாடும் பறவைகளின் முதற்கிளை என்றும், ஆகவே இக்குழுவின் பிறப்பிடம் ஆஸ்திரேலியப் பகுதி என்றும் 2004இல் செல்லின் உட்கருவிலுள்ள இரண்டு மரபணுக்களைக்கொண்டு முன்வைக்கப்பட்டது. 2019இல் 137 குடும்பங்களையும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்களையும் ஆராய்ந்தபோதும் அது நிலைத்தது. வெகுவேகமாகப் பிரிந்த கிளைகளின் வரிசைதான் இன்னும் இடம்மாறுகிறது.

உங்கள் கண்ணுக்கும் இதில் வேலை உண்டு. அருங்காட்சியகத்தில் பாடம்செய்து வைத்த பறவையின் விரலடியிலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சீவியெடுத்துத்தான் பல ஆய்வுகள் தொடங்குகின்றன. அந்தப் பறவைக்குத் தவறான பெயர் எழுதப்பட்டிருந்தால், அதிலிருந்து வரையப்படும் கிளையும் தவறான இடத்தில் போய் நிற்கும். அதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் இறகையும் அலகையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவராகவே இருப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்