மரம் நடுவதற்கு ஒரு படிப்பா?

அன்புடையீர்,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த உங்கள் மகள், நர்சிங் வேண்டாம், எண்ணூர்க் கழிமுகத்தை மீட்கும் வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். "மரம் நடுவதற்கு ஒரு படிப்பா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதே. நடுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கூலிக்கு வருகிறவர்கள் உங்கள் மகளைவிட நன்றாக நடுவார்கள். நட்டது பிழைத்ததா, பிழைத்தாலும் அந்த இடம் நண்டுக்கும் இறாலுக்கும் பறவைக்கும் மறுபடி வீடாயிற்றா என்று ஆண்டுக்கணக்கில் அளந்து சொல்லத்தான் படித்த ஆள் தேவைப்படுகிறது.

கழிமுகத்தில் 1,000 அலையாத்திக் கன்றுகளை நட்டு, ஓராண்டு கழித்து 700 உயிரோடு நின்றால், 70 விழுக்காடு வெற்றி என்று எழுதிவிடலாம். அந்த 700 கன்றுகளும் உள்ளான் எனும் கரைப்பறவைகள் இரை பொறுக்கும் திறந்த சேற்றுத்திட்டில் நட்டவையாக இருந்தால், ஒரு வாழிடத்தை அழித்து அதன்மேல் இன்னொன்றை வளர்த்திருக்கிறோம். எனவேதான் வேலை தொடங்குமுன்பே இடத்தின் நிலையைப் பதிவு செய்வதும், அதிகம் கெடாத வேறோர் இடத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வதும், கை வைக்காமல் விட்ட ஒரு துண்டையும் சேர்த்தே அளப்பதும் இத்துறையில் கட்டாயம். இல்லாவிட்டால் நல்ல மழை பெய்த ஆண்டில் தானாக வந்த பசுமையையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வோம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. மீனவர்கள் காக்கா ஆழி என்றழைக்கும் அயல்நாட்டு மட்டி தரையை மூடி, இறாலையும் மஞ்சள் மட்டியையும் விரட்டுகிறது. கன்றுகளை மட்டும் எண்ணுகிறவர் கண்ணில் இவை எதுவும் படாது.

அன்றாட வேலை இப்படித்தான் இருக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிவிசி குழாய்ச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, உள்ளே உள்ள நண்டு வளைகளை எண்ண வேண்டும். உப்புமானியின் கண்ணாடியில் ஒரு துளி நீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நீலக்கோடு எங்கே நிற்கிறது என்று படிக்க வேண்டும்; கடல்நீர் என்றால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 காட்டும், மழைவெள்ளத்துக்குப் பின் வெகுவாக இறங்கும். நட்டுவைத்த கம்பத்திலிருந்து அதே கோணத்தில் படம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தேதி, நேரம், நீரேற்றமா வற்றா என்ற குறிப்பு அவசியம். எண்ணிய தேதியே இல்லாத அறிக்கை ஒன்றை ஒருமுறை என்னிடம் நீட்டினார்கள். அழகான அட்டை, உள்ளே பயன் ஒன்றுமில்லை.

மேட்டுநிலத்தில் அளவுகோல் வேறு. சீமைக்கருவேலத்தை வெட்டிய பின் அடிக்கட்டையிலிருந்தும் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் அது திரும்ப முளைக்கும் என்பதால், பருவத்துக்குப் பருவம் அதன் கன்றுகளை எண்ண வேண்டும். பழவேற்காட்டை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு, இப்பகுதி மேட்டுநிலம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நல்ல ஒப்பீடு. ராக்கெட் தளம் என்பதால் நினைத்தபோது உள்ளே போக முடியாது என்பதுதான் குறை.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: உலகெங்கும் 621 சதுப்புநிலங்களின் தரவுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஆய்வு, மீட்பு தொடங்கி நூறாண்டு ஆன பின்னும் உயிரின அமைப்பு, ஒப்பீட்டுக்கு வைத்த கெடாத இடங்களைவிடச் சராசரியாக 26 விழுக்காடு குறைவாகவே இருந்ததாகச் சொல்கிறது.

படிப்பு எனில், இளநிலையில் விலங்கியல் அல்லது தாவரவியல் போதும். பொன்னேரி மீன்வளக் கல்லூரியும் நல்ல வழி, உங்களுக்குப் பக்கமும்கூட. முதுநிலைக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியலோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தில் கடல் உயிரியலோ எடுக்கலாம். கூடவே புள்ளியியலும், காசில்லாமல் கிடைக்கும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். உயிரியல் பட்டதாரிகள் பலர் தடுமாறுவது அங்கேதான். வருமானத்தை மறைக்க விரும்பவில்லை: முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் திட்டம் முடிந்தால் முடியும் ஒப்பந்த வேலைதான், கடன் வாங்கிப் படிக்க வைக்க நினைத்தால் யோசியுங்கள். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு வேலை வேண்டுமானால் வனத்துறைத் தேர்வுகளும் உண்டு.

கல்லூரி விண்ணப்பம் போடுமுன் ஒன்று செய்யுங்கள். வருகிற அமாவாசையன்று நீர் வற்றும் நேரத்தை எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர்களிடம் கேட்டு, மகளை அங்கே அழைத்துப் போங்கள். ஒரே சதுரத்தில் வளைகளை எண்ணி நோட்டில் எழுதட்டும். பௌர்ணமியன்று அதே வற்றில், அதே சதுரத்தில், மறுபடி எண்ணட்டும். இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.